விழாத கோல்

கோல் என்ற சொல்லுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. செங்கோல் உண்டு, எழுதுகோல் உண்டு, அளவுகோல் உண்டு, துலாக்கோலும் உண்டு. ஹாக்கி ஆட்டத்தை நாம் கண்டுபிடிக்கவில்லை என்றாலும், கையில் பிடித்திருப்பதும் கோல், வலைக்குள் போய் விழுவதும் கோல் என்று இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும் வசதி தமிழருக்குத்தான் வாய்த்திருக்கிறது. ஆனால் நான் இப்போது எழுத வந்தது விழுந்த கோலைப்பற்றி அல்ல, விழாத கோலைப்பற்றி. அதாவது, விழுந்திருக்க வேண்டியது, ஒரு மனிதன் சரியான இடத்தில் குறுக்கே நின்றபடியால் விழாமற் போனது. அதை அளக்க எந்த அளவுகோல் இருக்கிறது, நிறுக்க எந்தத் துலாக்கோல் இருக்கிறது என்பதே விஷயம்.

நான் நாற்பது வருஷம் கணக்கெழுதிப் பிழைத்தவன். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் உலகத்தில் நடக்கும் சகல காரியங்களையும் அதற்குள் கொண்டுவந்துவிடலாம் என்று எங்கள் தொழிலில் ஒரு கர்வம் உண்டு. நடந்ததை எழுதலாம், வாஸ்தவம். நடக்காததை எழுதுவதற்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது. காவற்காரனுக்குக் கொடுத்த சம்பளம் செலவுப் பக்கத்தில் மாதா மாதம் ஏறும். அவன் இருந்ததால் திருடு போகாத பொருள் எந்தப் பக்கத்திலும் ஏறாது.

ஹாக்கி ஆட்டத்தில் இந்தக் காவற்காரனுக்கு ஃபுல்பாக் என்று பெயர். கோல் காப்பவருக்கு முன்னால், மற்ற எல்லாருக்கும் பின்னால் நிற்பவர். அவருடைய கதி என்ன என்று அறிய வேண்டுமானால் 1928-ஆம் வருஷத்து ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தியா முதன்முதலாகத் தங்கப் பதக்கம் வாங்கிய வருஷம் அது. ஐந்து ஆட்டங்கள், போட்ட கோல் 29, வாங்கிய கோல் பூஜ்யம். அந்த 29-இல் 14 தியான் சந்த் போட்டது. தியான் சந்தைத் தெரியாதவர் இந்த தேசத்தில் உண்டா? ஆனால் அந்தக் கோஷ்டியின் தலைவர் யார் என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் தியான் சந்த் என்பார்கள்; பத்தாவது மனிதர் மௌனமாயிருப்பார். தலைவர் ஜெய்பால் சிங் முண்டா. சோட்டா நாகபுரியின் முண்டா குடியில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்து, பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளுக்காக வாதாடியவர். கடைசி ஆட்டத்துக்கு முன்பே அவர் கோஷ்டியிலிருந்து விலகும்படி ஆயிற்று. அது தனிக் கதை. அவர் ஆடிய இடம் எது தெரியுமா? ஃபுல்பாக். 29 என்ற எண்ணுக்குச் சொந்தக்காரர்கள் சரித்திரத்தில் ஏறினார்கள். பூஜ்யத்துக்குச் சொந்தக்காரர்கள் அடிக்குறிப்பில்கூடச் சரியாக ஏறவில்லை.

ஆனால் நியாயமாகப் பார்த்தால் அந்தப் பூஜ்யம் யாருடையது என்று சொல்லுவதும் எளிதல்ல. கோலில் நின்ற ரிச்சர்டு ஆலனுடையதா? முன்னால் நின்ற ராக், ஹாமண்ட் முதலியவர்களுடையதா? அல்லது பந்து எதிர்ப்பக்கத்திலேயே கிடந்ததால் இவர்களுக்கு வேலையே இல்லாமற் போயிற்றா? 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை 24-1 என்ற கணக்கில் ஜயித்தபோது, அந்த ஒரே ஒரு கோல் விழுந்த சமயம் ஆலன் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை வெகு காலமாக உலவி வருகிறது. கதை மெய்யோ பொய்யோ, அது சொல்லும் சங்கதி மெய்: பூஜ்யம் பல விதமாகப் பிறக்கும். வேலை செய்ததாலும் பிறக்கும். வேலை வராததாலும் பிறக்கும். போதாக்குறைக்கு அந்தக் காலத்தில் ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்றும் வழக்கம் கிடையாது. அவர் இருக்கும்போது எப்படி, இல்லாதபோது எப்படி என்று ஒப்பிட்டுப் பார்க்கலாமென்றால், அவர் இல்லாத நிமிஷமே இல்லை.

எங்கள் நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இது புதிதல்ல. 1906-இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்து கால்வாயில் தண்ணீர் வந்த பிறகும் இங்கே குளங்களின் மகிமை குறையவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குளம் நிரம்பி மறுகால் பாய்கிற இரவில், அரிக்கன் விளக்கும் மண்வெட்டியுமாகக் கரைமேல் ஒருவன் நடப்பான். நண்டு வளை வழியாக நீர் கசிகிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பான். கசிந்தால் மண்ணும் வைக்கோலுமாகத் திணித்து மிதிப்பான். கரை உடைந்த வருஷத்துக்கு ஊர்க் கணக்கில் வரிசையாகப் பதிவுகள் இருக்கும்: மண் சுமந்த கூலி, தென்னந்தடி, சாக்கு, அழிந்த பயிர். உடையாத வருஷத்துக்கு ஒரு வரியும் இராது. அந்த வருஷமும் கும்பப்பூ அறுவடை ஆகி, நெல் பத்தாயத்துக்குப் போகும்; கரையில் நடந்தவன் பெயர் மாத்திரம் எங்கேயும் போகாது.

இந்தப் பழைய நினைவெல்லாம் கிளம்பக் காரணமாயிருந்தவள் என் தங்கையின் பேத்தி. நாகர்கோவிலில் பள்ளிக்கூடத்துக் கோஷ்டியில் ஃபுல்பாக்காக ஆடுகிறவள். ஒரு தேர்வுக்குப் போய்விட்டு வந்தாள். எந்தத் தேர்வு, யார் நடத்தினார்கள் என்பது இங்கே அவசியமில்லை. முகத்தைப் பார்த்ததுமே முடிவு தெரிந்துவிட்டது. பையைத் திண்ணையில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"பாட்டா, தாளிலே கோல் எத்தனைன்னு ஒரு கட்டம். கோலுக்குப் பந்து குடுத்தது எத்தனைன்னு இன்னொரு கட்டம். எனக்கு ரெண்டிலேயும் சைபர். பின்னே எப்படி எடுப்பாவ?"

"உன்னைத் தாண்டி எத்தனை பேரு போனாவன்னு ஒரு கட்டம் இல்லையா, மக்ளே?"

"அது இல்லை."

"இருந்தா?"

"அதிலேயும் சைபர்தான்" என்றாள்.

ஒரு சைபர் அவளை வெளியே தள்ளியது. இன்னொரு சைபர் அவளை உள்ளே சேர்த்திருக்க வேண்டியது. தாளில் முதல் சைபருக்கு மாத்திரம் இடம் இருந்தது. தேர்வு செய்தவர்கள் பேரில் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு அரை நாள் அவகாசம், நூறு பிள்ளைகள். கண்ணில் படுவதைத்தான் எழுத முடியும். ஆனாலும் கணக்கெழுதியவனுக்கு ஒரு பத்தி விடுபட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. வடசேரியில் ஒரு நீண்ட நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

வாங்கிவிட்டேனே தவிர, எதை எண்ணுவது என்று விளங்கவில்லை. பந்தைப் பறித்த தடவைகளை எண்ணலாமா என்று முதலில் தோன்றியது. சற்று யோசித்தால் அது உதவாது என்று தெரிந்துபோகும். கெட்டிக்காரக் காவற்காரன் திருடனைக் கட்டிப் புரண்டு பிடிப்பதில்லை. அவன் நிற்பதைப் பார்த்தே திருடன் வேறு தெருவுக்குப் போய்விடுகிறான். பறித்ததை எண்ணினால், இடம் தவறி நின்றுவிட்டுப் பிறகு ஓடிப் போய்ப் பாய்ந்து பறிக்கிறவருக்குத்தான் மதிப்பெண் ஏறும். முன்கூட்டியே போய் நின்றவருக்கு ஒன்றும் கிடைக்காது.

இந்தத் தலைவலி வேறு யாருக்காவது உண்டா என்று தேடியபோது, பனிக்கட்டியின்மேல் ஹாக்கி ஆடும் தேசத்தாருக்கு நெடுங்காலமாக உண்டு என்று தெரிந்தது. நாகர்கோவிலில் ஐஸ் என்றால் குளச்சல் மீன் பெட்டியிலும் நன்னாரி சர்பத்திலும் பார்த்ததுதான். அதன்மேல் சறுக்கிக்கொண்டே பந்துக்குப் பதிலாக ஒரு ரப்பர் வில்லையை அடிக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். அதில் இருவர் பின்காவல். ஆட்டக்காரர்கள் முக்கால் நிமிஷத்துக்கு ஒரு தரம் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆகையால் இருக்கும்போது எப்படி, இல்லாதபோது எப்படி என்ற கேள்வியை அங்கே தாராளமாகக் கேட்கலாம்.

அங்கேயும் ஆதியில் கோலைத்தான் எண்ணினார்கள். வட அமெரிக்கச் சங்கத்தில் சிறந்த பின்காவலருக்கு வருஷந்தோறும் நாரிஸ் கோப்பை என்று ஒன்று கொடுப்பார்கள். 1983-84 பருவத்தில் பால் காஃபி என்பவர் பின்காவலராயிருந்துகொண்டே 40 கோல் போட்டு, 86 கோலுக்கு உதவி செய்து, மொத்தம் 126 புள்ளி எடுத்தார். ராட் லாங்வே என்பவர் எடுத்தது 33 புள்ளி. கோப்பை லாங்வேக்குக் கொடுக்கப்பட்டது. முந்தின வருஷமும் அவருக்கே. அந்த வருஷம் அவர் போட்ட கோல் மூன்றே மூன்று. வாக்களித்தவர்கள் கண்ணால் கண்டதை நம்பி எண்ணைத் தள்ளிவைத்தார்கள். பேஷ் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் கண்ணை எவ்வளவு தூரம் நம்புவது? ஒருவர் கண்ணுக்கு லாங்வே, இன்னொருவர் கண்ணுக்குக் காஃபி. கண்ணுக்குச் சாட்சியாக ஒரு கணக்கு வேண்டாமா?

அதற்காகக் கூட்டல்-கழித்தல் என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். தன் கட்சி கோல் போடும்போது களத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று கூட்டல். கோல் வாங்கும்போது இருந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று கழித்தல். 1970-71-இல் பாபி ஆர் என்ற பின்காவலர் 124 கூட்டல் பெற்றார். அதை இதுவரை யாரும் தாண்டவில்லை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2009-10-இல் சங்கம் முழுவதிலும் முதலிடம் பெற்றவர் வாஷிங்டன் கோஷ்டியின் ஜெஃப் ஷுல்ட்ஸ், ஐம்பது கூட்டல். அந்த வருஷம் சங்கத்திலேயே அதிகமாகக் கோல் போட்ட கோஷ்டி வாஷிங்டன்தான். முன்னே நின்றவர்கள் மழையாகப் பொழிந்தால் பின்னே நின்றவரின் பாத்திரமும் நிரம்பும் அல்லவா? எதிர்க் கட்சியின் மகா சூரனை மறிப்பதற்கென்றே தினமும் அனுப்பப்படுகிறவருக்கோ, எவ்வளவு நன்றாக ஆடினாலும் கழித்தல் ஏறும். கோல் காப்பவர் தூங்கினால் அதுவும் இவர் தலையில்.

இதற்கு மேலும் ஒரு பெரிய குறை. கோல் என்பது அபூர்வ வஸ்து. ஒரு ஆட்டத்தில் இரு பக்கமும் சேர்ந்து ஐந்தாறு விழும். அத்தனை சொற்ப எண்ணிக்கையில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். ஒரு சறுக்கல், ஒரு மட்டையின் நுனி, வருஷக் கணக்கே மாறிவிடும். ஆனால் கோலை நோக்கி அடித்த அடிகள் இருக்கின்றனவே, வலைக்குள் போனது, தடுக்கப்பட்டது, குறி தவறியது எல்லாம் சேர்த்து, அவை ஒரு ஆட்டத்தில் நூறை ஒட்டி வரும். விளைச்சலை எண்ணாமல் விதைப்பை எண்ணு என்பது யுக்தி. ஒருவர் களத்தில் இருக்கும்போது தன் கட்சி அடித்த அடிகள் எத்தனை, எதிர்க் கட்சி அடித்தவை எத்தனை? இதற்குக் கோர்ஸி எண் என்று பெயர். ஜிம் கோர்ஸி என்பவர் பஃபலோ கோஷ்டியில் கோல் காப்பவருக்குப் பயிற்சி கொடுத்தவர். கோல் காப்பவர் எவ்வளவு உழைக்கிறார் என்று அறிய எல்லா அடிகளையும் எண்ணி வந்தார். அதை ஆட்டக்காரர்களை மதிக்கும் கணக்காக மாற்றியவர் சிகாகோவில் நிதிக் கணக்குப் பார்த்துவந்த டிம் பார்ன்ஸ். கோர்ஸியின் மீசை அவருக்குப் பிடித்துப்போனதால் அந்தப் பெயரை வைத்தாராம். மீசைக்கு இப்படி ஒரு சிரஞ்சீவித்துவம் கிடைத்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

பிறகு வந்தவர்கள் இன்னும் போனார்கள். எல்லா அடியும் சமமல்ல. கோலுக்கு எதிரே பத்தடியிலிருந்து அடிப்பதும் ஓரத்திலிருந்து அடிப்பதும் ஒன்றாகுமா? ஆகவே அடித்த இடத்தைக்கொண்டு, அதே இடத்திலிருந்து முன்பு அடிக்கப்பட்டவற்றில் எத்தனை கோலாயின என்று பார்த்து, ஒவ்வொரு அடிக்கும் ஒரு பின்ன மதிப்புக் கொடுத்தார்கள். கூட ஆடியவர் யார், எதிரே ஆடியவர் யார் என்பதையும் கணக்கில் சேர்த்து, அவர்களுடைய பங்கைக் கழித்து, மிச்சத்தை இவருடையது என்றார்கள். இது முழுக்க முழுக்கச் சரி என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. ஆனால் வெறும் கோல் பத்தியைவிட எத்தனையோ மேல்.

நான் இந்த வித்தையில் எனக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு நோட்டில் கோடு போட்டேன். நம் ஹாக்கியிலும் இப்போது எந்த நேரமும் ஆளை மாற்றலாம். எதிர்க் கட்சிப் பந்து இருபத்துமூன்று மீட்டர் கோட்டைத் தாண்டியது எத்தனை தரம், அதில் வட்டத்துக்குள் வந்தது எத்தனை, கோலை நோக்கி அடித்தது எத்தனை, பெனால்டி கார்னர் எத்தனை. இவை எங்கள் பெண் களத்தில் இருந்த நிமிஷங்களில் ஒரு பக்கம், ஓரத்தில் உட்கார்ந்திருந்த நிமிஷங்களில் இன்னொரு பக்கம். பத்து நிமிஷத்துக்கு இத்தனை என்று வகுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அதிக நேரம் ஆடுகிறவருக்கு அநியாயம். மைதானத்து வேப்ப மரத்தடியில் கடிகாரமும் பென்சிலுமாக ஒரு கிழவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எதிர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் நான் உளவு பார்ப்பதாகச் சந்தேகப்பட்டார். இன்னொருவர் எல்.ஐ.சி. ஏஜெண்டு என்று நினைத்து எழுந்து போய்விட்டார்.

என் எண்களை இங்கே அச்சிடப் போவதில்லை. எட்டு ஆட்டங்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அதைக்கொண்டு சாஸ்திரம் எழுதுவது தப்பு. ஐஸ் ஹாக்கிக்காரர்கள் ஒரு பருவத்துக்கு எண்பத்திரண்டு ஆட்டம் வைத்துக்கொண்டே தயங்குகிறார்கள். ஆனால் எண்ணிக்கொண்டு வரும்போது நான் எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டது. எதிராளிகள் வந்த வழியையும் ஒரு சின்னப் படத்தில் கோடாக இழுத்துவந்தேன். இவள் இடது பக்கம் நிற்பவள். ஆட்டம் தொடங்கிக் கால் மணிக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் கோடுகளே இல்லை! எல்லாரும் வலது பக்கமாக வந்தார்கள். ஆகவே வலது பக்கத்து ஃபுல்பாக்குக்கு ஓயாத வேலை. அவள் பறித்த பந்துகளுக்குக் கைத்தட்டல். தப்பு நேர்ந்தாலும் அவளுக்கே ஏச்சு. இவள் செய்த காரியத்தின் விளைவு இவள் பத்தியில் ஏறவில்லை. தோழியின் பத்தியில், நல்லதாகவும் கெட்டதாகவும், போய் ஏறிக்கொண்டது.

காகிதத்தில் குறியில்லாத இடம்தான் பெரிய சாட்சி என்பதை இன்னும் பயங்கரமான ஒரு விஷயத்தில் கண்டு சொன்னவர் ஆபிரகாம் வால்ட். இரண்டாவது உலக யுத்தத்தின்போது நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில் இருந்த புள்ளிவிவரக் குழுவில் வேலை பார்த்தவர். குண்டு போடப் போன விமானங்கள் உடம்பெல்லாம் ஓட்டையுடன் திரும்பின. ஓட்டை அதிகமாக உள்ள இடத்தில் கவசம் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஓட்டையுடன் திரும்பின விமானம், அந்த ஓட்டையைத் தாங்கிக்கொண்டு திரும்பியது அல்லவா? தாங்க முடியாத இடத்தில் அடி வாங்கினது திரும்பவே இல்லை. திரும்பியவற்றின் சேதத்தைக்கொண்டு திரும்பாதவற்றின் கதியைக் கணிக்க வால்ட் வழிவகுத்துக் கொடுத்தார். அந்த மேதை நம் தேசத்தின் அழைப்பின்பேரில் சொற்பொழிவுகள் செய்ய வந்திருந்தபோது, 1950-ஆம் வருஷம் டிசம்பர் 13-ஆம் தேதி, அவரும் மனைவியும் ஏறிவந்த விமானம் நீலகிரி மலையில் மோதி விழுந்தது. இருவரும் இறந்தார்கள். திரும்பாத விமானங்களைக் கணக்கிட்டவர் தமிழ்நாட்டு மலையொன்றில் அப்படி முடிந்தது, நினைக்கும்போதெல்லாம் என்னை என்னவோ செய்கிறது.

இருக்கட்டும். பள்ளிக்கூட மைதானத்தை விட்டுப் பெரிய மைதானத்துக்கு வருகிறேன். ஒரு ஃபுல்பாக்கின் விலை என்ன என்பதை உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது சோதித்துப் பார்த்த சந்தர்ப்பம் ஒன்று 2024-இல் நேர்ந்தது. பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஆகஸ்டு 4-ஆம் தேதி கால் இறுதியில் இந்தியாவும் பிரிட்டனும் ஆடின. அமித் ரோஹிதாஸ் நம் ஃபுல்பாக், ஒடிஸாக்காரர். பெனால்டி கார்னரின்போது கோல் கோட்டிலிருந்து முதலில் சீறிப் பாய்ந்து, அடிக்கிறவனை நோக்கி நேரே ஓடுகிறவர் அவர்தான். அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சுசீந்திரம் தேர் திரும்பும்போது உருளும் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார்களே, அவர்களுக்கு அது விளங்கும். பந்து கட்டை வண்டி அல்ல. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும். இதில் கணக்குக்காரனுக்கு ஒரு வேடிக்கை உண்டு. ஓடிவருகிறவர் ஐந்து மீட்டருக்குள் இருந்து, பந்து அவர் முழங்காலுக்குக் கீழே பட்டால், சட்டப்படி எதிராளிக்கு இன்னொரு பெனால்டி கார்னர். கோலாகியிருக்க வேண்டியதைத் தாடை எலும்பால்... அல்ல, கணுக்கால் எலும்பால் வாங்கித் தடுத்தவர் பெயரில் ஏடு எழுதுவது பற்று!

அன்று இரண்டாம் கால் பகுதியின் ஆரம்பத்தில் ரோஹிதாஸின் மட்டை எதிராளி ஒருவரின் முகத்தில் பட்டது. சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றினார்கள். அறுபது நிமிஷ ஆட்டத்தில் நாற்பது நிமிஷத்துக்கு மேல் பாக்கி. பதினோரு பேருக்கு எதிராகப் பத்துப் பேர். அப்புறம் இந்தியா ஒரு கோல் போட்டது, ஒன்று வாங்கியது. 1-1 என்று முடிந்து, தனித்தனியே கோலடிக்கும் போட்டியில் 4-2 என்று இந்தியா ஜயித்தது.

வெறும் கூட்டல்-கழித்தல்காரன் இதைப் பார்த்தால் என்ன சொல்லுவான்? "ரோஹிதாஸ் இல்லாமல் நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆடி ஒரே கோல்தான் வாங்கினார்கள்; ஆகவே அவர் அப்படியொன்றும் முக்கியமில்லை" என்பான். அன்றைய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவருடைய இடத்தை அடைப்பதற்காக முன்னணி ஆட்டக்காரர்கள் பின்னுக்கு வந்தார்கள். நடுவில் நின்றவர்கள் வட்டத்துக்குள் நின்றார்கள். கோல் காத்த ஸ்ரீஜேஷ் அலை அலையாக வந்ததை மார்பாலும் காலாலும் மட்டையாலும் தள்ளினார். போன ஒருவருடைய விலையைப் பத்துப் பேர் ஆளுக்குக் கொஞ்சமாகச் செலுத்தினார்கள். வாங்கின கோல் பத்தியில் அது தெரியாது; நாம் அடிக்காமற் போன அடிகளின் பத்தியில் தெரியும். கோலோடு நில்லாமல் இரு பக்கத்து அடிகளையும், பந்து கிடந்த இடத்தையும் எண்ணுகிறவன் அதைக் கண்டுபிடித்துவிடுவான்.

அடுத்த ஆட்டத்துக்கும் அவருக்குத் தடை விதித்தார்கள். ஆகஸ்டு 6-ஆம் தேதி அரை இறுதியில், அவர் இல்லாமல், ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம். ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரில் விழுந்தது. அவர் இருந்திருந்தால் விழுந்திராது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு ஆட்டத்தைக்கொண்டு அப்படிச் சொல்லுகிறவன் கணக்கனல்ல, ஜோசியன். ஆனால் அந்தப் பந்தை நோக்கிப் பாய்ந்து ஓடுவதற்குப் பல வருஷமாகப் பழகிய கால்கள் அன்று களத்துக்கு வெளியே இருந்தன என்பது மாத்திரம் நிச்சயம். இரண்டு நாள் கழித்து ஸ்பெயினை 2-1 என்று ஜயித்து வெண்கலம் வாங்கியபோது அவர் திரும்பியிருந்தார். ஏடுகளைப் புரட்டினால் அந்த ஒலிம்பிக்ஸில் ரோஹிதாஸின் பெயருக்கு எதிரே பளிச்சென்று தெரிவது சிவப்பு அட்டை ஒன்றுதான்.

அதே கோஷ்டியில் இன்னொரு ஃபுல்பாக் இருந்தார். தலைவர் ஹர்மன்பிரீத் சிங். பாரிஸில் பத்துக் கோல் போட்டார். அந்த ஒலிம்பிக்ஸில் ஆண்கள் ஹாக்கியில் அவ்வளவு போட்டவர் வேறு எவரும் இல்லை. பெரும்பாலும் பெனால்டி கார்னரில் போட்டவை. உலகச் சங்கத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது அந்த வருஷம் அவருக்குக் கிடைத்தது, அது தகும். அவரிடம் குறை காண்பது என் நோக்கமல்ல. ஆனால் ஃபுல்பாக் ஒருவர் நம் கண்ணில் படுவதற்கு ஃபுல்பாக் வேலையை விட்டு வேறு வேலையும் செய்ய வேண்டியிருக்கிறது. 1956-இலும் அப்படித்தான். அந்த வருஷம் நவம்பர் முதல் தேதி எங்கள் கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டுடன் சேர்ந்தது. ஊரெல்லாம் அந்த உற்சாகம் அடங்குவதற்குள் டிசம்பர் 6-ஆம் தேதி மெல்போர்னில் பாகிஸ்தானை 1-0 என்று ஜயித்துத் தங்கம் வாங்கிய செய்தி வந்தது. அந்த ஒரு கோலைப் பெனால்டி கார்னரில் போட்டவர் ஃபுல்பாக் ரந்தீர் சிங் ஜென்டில். அந்த ஒலிம்பிக்ஸிலும் ஐந்து ஆட்டம். போட்ட கோல் 38, வாங்கிய கோல் ஒன்றுகூட இல்லை. ஜென்டிலைப்பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்த ஒரு கோலை எழுதுகிறார்கள். அவருக்குப் பின்னால் விழாமற் போனவற்றை எழுதினவர் யாராவது உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் நோட்டை எங்கள் பெண்ணின் பயிற்சியாளரிடம் கொண்டு காட்டினேன். நல்ல மனிதர். பக்கம் பக்கமாகப் பொறுமையாகப் புரட்டினார். கோடில்லாத இடது பக்கத்துப் படத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"இது எனக்குத் தெரியும், சார். தினமும் கண்ணால பார்க்கேன். ஆனா தாளிலே இதுக்குக் கட்டம் இல்லையே. அவளைப் பெனால்டி கார்னர் அடிக்கப் பழக்கிவிடுகேன். கோல் விழுந்தா எடுத்துக்கிடுவாவ" என்றார்.

அப்படியே பழக்கினார். காலை ஆறு மணிக்கு, சாக்கில் கட்டிய பந்துகளுடன், தன்னந்தனியாக நின்று வலையின் மூலையைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருக்கும். அடுத்த வருஷம் அவள் பெயருக்கு எதிரே கோல்கள் ஏறின, தேர்வில் எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

அந்த வருஷத்து ஆட்டங்களுக்கும் நான் கடிகாரத்துடன் போய் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன். பெனால்டி கார்னருக்காக அவள் எதிர் வட்டத்துக்கு ஓடிப் போய்த் திரும்புகிற அந்த நிமிஷங்களில், இடது பக்கத்தில், படத்தில் இரண்டொரு கோடுகள் விழத் தொடங்கியிருந்தன. அவற்றையும் இழுத்துக் குறித்திருக்கிறேன்.